திங்களாழ்ச்ச அவதி: திருவனந்தபுரம் பார்க்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு மார்த்தாண்டத்தில். களியக்காவிளை எல்லைக்கு பஸ்ஸில் கால் மணி நேரம், அங்கிருந்து திருவனந்தபுரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். இதனால் எனக்குக் கிடைத்த உத்தியோகம், மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் சொந்தங்களுக்குச் சம்பளம் இல்லாத வழிகாட்டி. மே மாதம் வந்துவிட்டால் போன் அடங்காது. கேட்கிற குரல்தான் மாறும், கேள்வி மாறாது. அதனால் கேட்டது கேட்டபடி எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். இனி போன் வந்தால் இதை அனுப்பிவிடுவதாக உத்தேசம்.

மாமா, அங்க பார்க்க என்ன இருக்கு? கோயிலும் கோவளமும்தானே?

இல்லை. ஊரை இரண்டு முனையாக நினைத்துக்கொள்ளுங்கள். தெற்கு முனை, கிழக்கே கோட்டை என்று பெயர் கொண்ட பகுதி. பத்மநாபசுவாமி கோயில், குதிரைமாளிகை, மேத்தன்மணி கடிகாரம், ஓலைச்சுவடி மியூசியம் எல்லாம் கோட்டைப் பகுதியில் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. வடக்கு முனை மியூசியம் வளாகம். நேப்பியர் மியூசியம், ஓவியக் கூடம், மிருகக்காட்சி சாலை மூன்றும் ஒரே தோட்டத்துக்குள், பக்கத்திலேயே கனகக்குன்னு அரண்மனை. இரண்டு முனைக்கும் நடுவே சுமார் நான்கு கிலோமீட்டர் எம்.ஜி. ரோடு. (நம் எம்.ஜி.ஆர். ரோடு அல்ல, மகாத்மா காந்தி ரோடு. மதுரைச் சின்னம்மா ரொம்ப நேரம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.) செக்ரட்டேரியட், யூனிவர்சிட்டி காலேஜ், பாளையம் எல்லாம் அந்த ரோட்டிலேயே வரும்.

கடற்கரைப் பக்கம் சங்குமுகம், வேளி, தும்பா, விழிஞ்ஞம், கோவளம் என்று தனி வரிசை. அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில்ல இருந்து பஸ்ஸா ரயிலா, எது நல்லது?

ரயில். யோசிக்கவே வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து ரோடு வழியாக எழுபது கிலோமீட்டர்கூட வராது, ஆனால் தக்கலை, மார்த்தாண்டம், பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு நெரிசல். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் என்பது நல்ல நாள் கணக்கு. இரணியல், குழித்துறை வழியாகப் போகும் ரயில் தம்பானூரில், அதாவது திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறக்கிவிடும். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே பஸ் நிலையம். அங்கிருந்து கிழக்கே கோட்டைக்கு ஒரு கிலோமீட்டர், நடந்தே போய்விடலாம்.

ஒரே ஒரு காரணத்துக்கு பஸ்ஸில் போகலாம். அது பாலராமபுரம் கைத்தறி. கோயில் வேட்டிக் கேள்வியில் சொல்கிறேன்.

எந்தக் கிழமை வரலாம்?

திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். நேப்பியர் மியூசியம், மிருகக்காட்சி சாலை, ஓவியக் கூடம், குதிரைமாளிகை, போகிற வழியில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை எல்லாவற்றுக்கும் அன்றுதான் விடுமுறை. ஞாயிறு கல்யாணத்துக்கு வந்து, திங்கள் ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று லீவு சொல்லிவிட்டு வருகிறவர்கள்தான் வசமாக மாட்டுகிறார்கள். என் அத்தான் ஒருவர் இப்படித்தான் மியூசியம் கேட் முன்னால் நின்றுகொண்டு போன் செய்தார். "போர்டுல திங்களாழ்ச்ச அவதின்னு போட்டிருக்காம், யாருக்கு என்ன அவதி?" மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. அன்று அத்தானுக்கு இரண்டு மொழியிலும் அவதிதான்.

புதன்கிழமை வந்தால் மியூசியம் காலையில் திறக்காது, மதியம் ஒரு மணிக்கு மேல்தான். இது இன்னும் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. செவ்வாய், வியாழன், வெள்ளி நல்ல நாட்கள். சனி, ஞாயிறு போனால் ஸ்கூல் பஸ்களோடு சேர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிச்சிரலாமா?

முடிக்கலாம், ஆனால் அதற்குப் பெயர் பார்ப்பது இல்லை. இந்த ஊரில் கிழமையைப் போலவே மதியமும் ஒரு பூட்டு. கோயில் பன்னிரண்டு மணி வாக்கில் நடை அடைத்தால் மாலை ஐந்துக்குத்தான். குதிரைமாளிகையும் மதியம் பூட்டி, மூன்று மணிக்கு மேல் திறக்கிறார்கள். மியூசியம் ஐந்துக்குள் முடிந்துவிடும். ஆக, கோட்டையை முற்பகலிலும் மியூசியத்தைப் பிற்பகலிலும் பார்ப்பதுதான் சரியான வரிசை. மாற்றிச் செய்தால் இரண்டு இடத்திலும் பூட்டைப் பார்த்துவிட்டு வரலாம்.

விடிகாலை ரயிலைப் பிடித்து, ஒன்பது மணிக்குள் கோயில் வரிசையில் நின்றுவிடுங்கள். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் குதிரைமாளிகை. பிறகு சாப்பாடு. இரண்டு மணிக்கு மியூசியம். ஒரு நாளுக்கு இது போதும். மிருகக்காட்சி சாலையையும் சேர்த்தால் கால் கழன்றுவிடும், அது மேடும் பள்ளமுமான இடம். இரண்டு நாள் இருந்தால் முதல் நாள் தக்கலையில் இறங்கி பத்மநாபபுரத்தைப் பார்த்துவிடுங்கள் என்பேன். ஏன் என்று கீழே வரும்.

கோயிலுக்குள்ள பேண்ட் போட்டுப் போகக் கூடாதாமே?

கூடாது. ஆண்களுக்கு வேட்டி, மேலே சட்டை பனியன் கிடையாது. பெண்களுக்குச் சேலை, செட்டுமுண்டு (கேரளத்து இரண்டு துண்டுச் சேலை), பாவாடை. சுடிதார் போட்டு வந்தால் அதன் மேலேயே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்வார்கள், நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். போன், பை எல்லாம் வெளியே பாதுகாப்பு அறையில் கொடுக்க வேண்டும். குடும்பத்தில் ஆளுக்கொரு போனைத் தனித்தனியாகக் கொடுத்துத் தனித்தனியாக வாங்க நின்றால் அரை மணி நேரம் போச்சு. ஒரே பையில் போட்டு ஒரே டோக்கனாக வாங்குங்கள்.

வேட்டி கோயில் தெருவிலேயே கிடைக்கும். ஆனால் அவசரத்தில் வாங்குகிற துணி அவசரத் துணியாகத்தான் இருக்கும். வழியில் பாலராமபுரத்தில் வாங்கினால் வீட்டுக்கு வந்த பிறகும் உடுத்தலாம். பாலராம வர்மா ஆட்சியில் திவான் உம்மிணித் தம்பி நம் பக்கத்துச் சாலியர் நெசவாளர்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் குடியேற்றிய ஊர் அது. கசவுக் கரை, அதாவது சரிகைக் கரை போட்ட முண்டு, செட்டுமுண்டு அங்கே இன்னும் குழித்தறியில் நெய்கிறார்கள். தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தமே வழி சொல்லும். விலை அதிகமாகத் தெரிந்தால் கைத்தறியா விசைத்தறியா என்று கேட்டுப் பாருங்கள், அங்கேதான் வித்தியாசம்.

கூட்டத்துல சாமி முழுசா தெரியாதாமே?

கூட்டம் இல்லாவிட்டாலும் முழுசாகத் தெரியாது. பதினெட்டு அடி நீளத்துக்கு அனந்தன் மேல் சயனித்திருக்கும் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். முதல் வாசலில் திருமுகமும், தொங்கும் வலக்கைக்குக் கீழே சிவலிங்கமும். நடு வாசலில் நாபிக் கமலத்தில் பிரம்மா. மூன்றாவதில் திருவடி. விளக்கு வெளிச்சம்தான், கரிய திருமேனி. கண் பழகுவதற்குள் வரிசை நகர்ந்துவிடும். எந்த வாசலில் என்ன தெரியும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போனால் கண் தானாக அங்கே போகும். தெரியாமல் போனவர்கள்தான் "ஏதோ இருட்டா இருந்துச்சு" என்று திரும்பி வருகிறார்கள்.

கண்டகி நதியிலிருந்து கொண்டுவந்த 12,008 சாளக்கிராமங்களை கடுசர்க்கரை என்ற கலவையோடு சேர்த்துச் செய்த மூர்த்தி என்பது கோயில் வரலாறு. சன்னதிக்கு முன்னால் நீங்கள் நிற்கும் மேடை ஒற்றைக்கல் மண்டபம், ஒரே பாறைப் பலகை. மேலே போகும் அவசரத்தில் காலடியைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

அந்த பி அறையை எப்பதான் திறப்பாங்க?

கேட்காதவர் கிடையாது. 2011இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி கோயில் நிலவறைகளைத் திறந்து பொக்கிஷத்தைக் கணக்கெடுத்தபோது உலகமே இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. பி என்று எழுத்திட்ட அறை மட்டும் திறக்கப்படவில்லை. 2020 ஜூலையில் வந்த தீர்ப்பு, அரச குடும்பத்தின் உரிமையை ஏற்றுக்கொண்டு, பி அறை விஷயத்தை நிர்வாகக் குழுவின் முடிவுக்கு விட்டது. அவ்வளவுதான் சங்கதி. கதவில் நாகம், மந்திரம், கடல் சத்தம் எல்லாம் யூடியூப் சரக்கு. திறந்த அறைகளில் இருந்ததைக்கூடப் பக்தர்கள் பார்க்க முடியாது. அதனால் உங்கள் பயணத்துக்கும் அந்த அறைக்கும் சம்பந்தம் இல்லை.

நாங்க சர்ச்சுக்குப் போற குடும்பம். கோட்டைப் பக்கம் வந்து பிரயோஜனம் உண்டா?

எங்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் பாதி வீடுகளில் கேட்கிற கேள்வி. கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி, அதை வாசலில் போய் விவாதிக்க வேண்டாம். ஆனால் வெளியிலேயே பார்க்க நிறைய உண்டு. பத்மதீர்த்தக் குளத்தின் கரையில் நின்றால் ஏழு நிலைக் கோபுரம் முழுதாகத் தெரியும். கேரளக் கோயில்களில் ஓட்டுக் கூரையைத்தானே பார்ப்போம், இங்கே நிற்பது அச்சு அசல் நம் ஊர்க் கோபுரம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் அஸ்தமிக்கிற சூரியன் அந்தக் கோபுர வாசல்கள் ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்து இறங்கும். அந்த நாட்களில் கேமராவோடு ஒரு கூட்டமே நிற்கும்.

கோயிலுக்குப் போகிறவர்கள் திரும்பும் வரை நீங்கள் குதிரைமாளிகையைப் பார்த்துவிடலாம், அங்கே எல்லோருக்கும் அனுமதி. பாளையத்தில் கத்தோலிக்கப் பேராலயமும் ஜும்ஆ மசூதியும் பிள்ளையார் கோயிலும் ஒரே சந்திப்பில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளோட வர்றோம், ஆடு முட்டுற கடிகாரம்னு சொன்னீங்களே, அது எங்க?

மேத்தன்மணி. பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே, குதிரைமாளிகையை ஒட்டிய கட்டடத்தின் உச்சியில். ஒரு தாடிக்கார முகம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆடு. மணி அடிக்கும்போது அந்த முகம் வாயைத் திறக்கும், இரண்டு ஆடும் வந்து இரண்டு கன்னத்திலும் முட்டும். எத்தனை மணியோ அத்தனை முட்டு.

சின்னப் பிள்ளைகள் என்றால் பன்னிரண்டு மணிக்கு நிறுத்துங்கள், ஒரு மணிக்கு நிறுத்தாதீர்கள். என் தங்கை பேரன் ஒரு மணிக்குப் போய், ஒரே ஒரு முட்டோடு முடிந்துபோனதற்கு தம்பானூர் வரை அழுதுகொண்டே வந்தான்.

பத்மநாபபுரம் அரண்மனை பார்த்தாச்சு. குதிரைமாளிகை வேற எதுக்கு?

நியாயமான கேள்வி. மரவேலை என்றால் பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. தாய்க்கொட்டாரம் என்ற பழைய பகுதியின் ஒற்றைப் பலாமரத் தூண், சிரட்டைக் கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்து மெழுகிய, முகம் தெரியும் கருந்தரை, ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடம் என்று அது வேறு ரகம். குதிரைமாளிகையைப் பார்க்க வேண்டியது பாட்டுக் கட்டிய திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாளுக்காக. 1813இல் பிறந்து 1846இல் முடிந்துபோன முப்பத்து மூன்று வயது வாழ்க்கைக்குள் அவர் கட்டியது இந்த மாளிகை. கூரைத் தாங்கிகளில் வரிசையாக 122 மரக்குதிரைகள். எண்ணிப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் அரை மணி நேரம் சத்தம் போடமாட்டார்கள். உள்ளே தந்தச் சிம்மாசனமும் ஸ்படிகச் சிம்மாசனமும் உண்டு. செருப்பைக் கழற்றி, வழிகாட்டியோடுதான் போக வேண்டும், போட்டோ கூடாது.

பரதநாட்டியத்துக்கு முறை வகுத்த தஞ்சை நால்வரில் வடிவேலு இந்த அரசரின் சபையில்தான் இருந்தார். ஜனவரியில் மாளிகை முற்றத்தில் சுவாதி சங்கீத உற்சவம் நடக்கும். சாயங்காலம், மேலே அந்தக் குதிரைகள், கீழே கச்சேரி. பாட்டு பிடிக்கிறவர்கள் அதற்கென்றே ஒரு முறை வரலாம்.

தக்கலை தமிழ்நாடுதானே? பின்ன பத்மநாபபுரம் டிக்கெட்ல ஏன் கேரள அரசுன்னு இருக்கு?

திருவிதாங்கூரின் தலைநகரமே முதலில் தக்கலைப் பத்மநாபபுரம்தான். 1741இல் குளச்சலில் டச்சுக்காரரைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா அங்கிருந்துதான் ஆண்டார். அந்தப் போரில் பிடிபட்டு, பிறகு அவருக்கே தளபதியான டிலனாயின் கல்லறை பக்கத்து உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அடுத்து வந்த தர்மராஜா காலத்தில், 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரியாகப் பிரித்தபோது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாவும் தமிழகத்துக்கு வந்தன. அரண்மனையின் பராமரிப்பு மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டது. மண் நம்முடையது, சாவி அவர்களுடையது. சண்டை போட ஒன்றுமில்லை, நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் வருகிறவர்களை முதலில் தக்கலையில் இறங்கச் சொல்வது இதனால்தான். பழைய தலைநகரைப் பார்த்துவிட்டுப் புதிய தலைநகருக்குப் போனால், அங்கே காண்கிற ஒவ்வொன்றும் எங்கிருந்து போனது என்று புரியும். கிழக்கே கோட்டைப் பழவங்காடிப் பிள்ளையார்கூடப் பத்மநாபபுரத்தில் படைவீரர்கள் கும்பிட்டு, பிறகு படையோடு இடம் மாறி வந்தவர்தானாம். இன்றும் அந்தக் கோயில் ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது.

செத்த காலேஜும் உயிர் காலேஜும் ஒரே இடத்துலயா இருக்கு?

கேட்டது எண்பது வயதுப் பெரியம்மா. மெட்ராஸ் பேச்சில் செத்த காலேஜ் என்றால் மியூசியம், உயிர் காலேஜ் என்றால் மிருகக்காட்சி சாலை. ஆமாம் பெரியம்மா, இங்கே இரண்டும் ஒரே காம்பவுண்டுதான்.

நேப்பியர் மியூசியம் 1880இல் முடிந்த கட்டடம். மெட்ராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர். கட்டியவர் ராபர்ட் சிசம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், சென்னைக் கடற்கரையில் செனட் ஹவுஸைக் கட்டிய அதே ஆள். செனட் ஹவுஸைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிவப்பும் மஞ்சளுமான கோலச் சுவர் சொந்தக்காரர் மாதிரித் தெரியும், கூரை மட்டும் கேரள முகப்பு. உள்ளே ஏ.சி. இல்லாமலே குளிர்ச்சியாக இருக்கும்படி கட்டியிருக்கிறார். செப்புத் திருமேனிகளும் தந்த வேலைகளும் மரத்தேரும் இருக்கின்றன. பாதிப் பேர் அண்ணாந்து உள்கூரையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதிலும் தப்பில்லை, எனக்கும் அந்தக் கூரைதான் பிடிக்கும்.

மிருகக்காட்சி சாலை 1857இல் தொடங்கியது, நாட்டின் மிகப் பழையவற்றில் ஒன்று. மிருகத்தைவிட மரங்கள்தான் அங்கே விசேஷம் என்பது என் கட்சி. மூட்டுவலிக்காரர்கள் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். தோட்டத்தில் உட்கார டிக்கெட் கிடையாது.

ரவிவர்மா படம் எல்லாம் நம்ம காலண்டர்ல பார்த்ததுதானே?

காலண்டரில் பார்த்தது அவர் அச்சகத்துப் படங்களின் வழி வந்தது. சித்ரா ஓவியக் கூடத்தில் இருப்பது அவர் கையாலே எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. 1935இல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் திறந்துவைத்த கூடம் அது. ரவிவர்மா (1848–1906) பிறந்த கிளிமானூரும் இந்த மாவட்டத்தில்தான். இப்போது அவருக்கென்றே அதே வளாகத்தில் தனிக் கட்டடம் வந்திருக்கிறது.

ஒரு சேலையின் முந்தானைச் சரிகை அருகே போய் நில்லுங்கள். பக்கத்தில் பார்த்தால் வெறும் மஞ்சள் தீற்றல். நான்கு அடி பின்னால் வந்தால் அது சரிகையாகிவிடும். காலண்டரில் இது நடக்காது. ரஷ்ய ஓவியர் ரோரிக்கின் இமயமலைப் படங்களும் அந்தக் கூடத்தில் உண்டு. வெயிலில் அலைந்துவிட்டு அந்த நீலத்தைப் பார்ப்பதே ஒரு சுகம்.

சாப்பாடு எங்க? அந்தச் சிவப்பு மட்டை அரிசி இறங்காதே!

தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டி இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. சாப்பாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை, அதுவும் பார்க்க வேண்டிய கட்டடம். லாரி பேக்கர் வடிவமைத்த சிவப்புச் செங்கல் சுருள். உள்ளே மாடி, படி எதுவும் கிடையாது, தரையே ஒரு சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். சரிவை ஒட்டி மேஜைகள், சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாக வெளிச்சம். விசிறித் தலைப்பாகை வைத்த பரிமாறுகிறவர்கள் தட்டோடு அந்தச் சரிவில் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்க்கலாம். ஒரு தடவை எங்கள் வாண்டு ஒன்று பையிலிருந்த கோலிக்குண்டைத் தரையில் விட்டுவிட்டான். அது சுற்றி இறங்கிக் கீழ் வாசலுக்குப் போகும் வரை எல்லா மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

மசாலா தோசைக்குள் சிவப்பாக இருந்தால் பயப்படாதீர்கள், அது பீட்ரூட். மட்டை அரிசி இறங்காதவர்களுக்குக் கோட்டைப் பக்கமும் சாலைக் கடைத்தெருவிலும் வெள்ளைச் சோறு தாராளமாகக் கிடைக்கும்.

மலையாளம் தெரியாம சமாளிக்க முடியுமா?

கோட்டை, தம்பானூர், சாலைப் பகுதியில் தமிழிலேயே பேசலாம், பதிலும் தமிழிலேயே வரும். ராஜா கேசவதாஸ் திவானாக இருந்தபோது உண்டாக்கிய சாலைக் கடைத்தெருவில் எத்தனையோ கடைக்காரர்கள் தமிழ்க் குடும்பத்தினர்தான். சிக்கல் பஸ் போர்டில்தான். மலையாள எழுத்து மட்டும் இருந்தால் கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். "வெள்ளம்" என்றால் தண்ணீர், "மதி" என்றால் போதும், அவதி ஏற்கெனவே சொல்லியாச்சு. ஆட்டோவில் ஏறுமுன் மீட்டரைப் போடச் சொல்லுங்கள். நான் ஒரு முறை தமிழிலேயே பேரம் பேசி, மியூசியத்துக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன்.

தமிழுக்கும் அந்த ஊருக்கும் அப்படி என்ன ஒட்டு?

நீராருங் கடலுடுத்த என்று நாம் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, 1891இல் வெளியான மனோன்மணீயம் நாடகத்தில் வருவது. அதை எழுதிய சுந்தரம் பிள்ளை, பாளையத்தில் இன்று யூனிவர்சிட்டி காலேஜ் என்று நிற்கும் அன்றைய மகாராஜா கல்லூரியில் பேராசிரியர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடமே இதைச் சொன்னால் "சும்மா சொல்லாதீங்க" என்கிறார்கள். அந்தச் சிவப்புக் கட்டடத்தை பஸ்ஸில் கடக்கும்போது நான் ஒவ்வொரு முறையும் காட்டுவேன்.

அதற்கு முந்தைய ஒட்டும் உண்டு. நம்மாழ்வார் பாசுரம் பாடிய திவ்யதேசம் அது. செக்ரட்டேரியட் பக்கத்து ஸ்டாச்சூ சந்திப்பில் சிலையாக நிற்கும் திவான் மாதவ ராவ் பிறந்தது கும்பகோணத்தில். கோட்டைக்குள் இருக்கும் ஓலைச்சுவடி மியூசியத்தில் பழைய எழுத்துகளான வட்டெழுத்தும் கோலெழுத்தும், பழந்தமிழும் எழுதிய ஓலைகளைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். கூட்டமே இருக்காது. குதிரைமாளிகைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே நேரம் கிடைத்தால் நான் அங்கேதான் போவேன்.

ஆற்றுக்கால் பொங்கலுக்கு வந்தா அப்படியே ஊரையும் பார்த்திரலாமே?

முடியாது. கும்ப மாதம், அதாவது மாசி வாக்கில் வரும் அந்த நாளில் ஊரே அடுப்பாகிவிடும். ஆற்றுக்கால் பகவதி கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்கு, மியூசியம் போகும் ரோடு வரைக்கும் செங்கல் அடுக்கி, லட்சக்கணக்கான பெண்கள் பொங்கல் வைப்பார்கள். மதுரையை எரித்த கண்ணகி கன்னியாகுமரி வழியாக வந்து ஆற்றுக்காலில் தங்கினாள் என்பது அங்கே சொல்கிற கதை. தெரியாமல் அன்றைக்கு ஒரு மதுரைக்காரரை மியூசியம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் பார்த்தது புகை. பொங்கலுக்கு வருகிற பெண்கள் பொங்கலுக்காக மட்டும் வாருங்கள்.

நவராத்திரி லீவுல வரலாமா?

வாருங்கள், ஆனால் திருவனந்தபுரத்துக்கு முன்னால் எங்கள் ஊருக்கு வாருங்கள். தலைநகரம் போன பிறகும் நவராத்திரிக்குச் சாமிகள் இங்கிருந்துதான் போக வேண்டும். பத்மநாபபுரத்திலிருந்து கம்பர் கும்பிட்டதாகச் சொல்லும் சரஸ்வதி யானை மேல், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். முதல் ராத்திரி குழித்துறையில் தங்கல், மறுநாள் களியக்காவிளையில் இரண்டு மாநிலப் போலீசும் வரிசையில் நின்று மரியாதை செய்யும். லாரிகளும் பஸ்களும் நிற்க, நடுரோட்டில் யானை எல்லையைத் தாண்டிப் போகும். திருவனந்தபுரத்தில் சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில், முருகன் ஆரியசாலையில், நங்கை செந்திட்டையில். நவராத்திரி முடிந்ததும் மூவரும் இதே ரோட்டில் திரும்பி வருவார்கள். மண்டபத்துக் கச்சேரிக்குக் கோயில் உடை விதிதான்.

சாமி குளிக்கப் போறதுக்காக ஏர்போர்ட்டையே மூடுவாங்களாமே, நிஜமா?

நிஜம். பங்குனி, ஐப்பசி உற்சவங்களின் கடைசி நாள் ஆறாட்டு, அதாவது சாமியின் கடல் நீராட்டு. கோயிலிலிருந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் பழைய வழியின் குறுக்கே விமான ஓடுதளம் வந்துவிட்டது. சாமி வழி மாறவில்லை. வருஷத்தில் அந்த இரண்டு நாள் சாயங்காலம் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுகிறார்கள், சாமி வாகனங்களும் யானையும் அரச குடும்பத்து மூத்தவரின் உடைவாளும் ஓடுதளத்தைக் கடந்து கடலுக்குப் போய்வரும். இருட்டிய பிறகு தீவட்டி வெளிச்சத்தில் ஊர்வலம் திரும்பும். அதைப் பார்க்க வருகிறவர்கள் கடற்கரையில் நாலு மணிக்கே இடம் பிடியுங்கள். விமானத்தில் வருகிறவர்கள் டிக்கெட் போடுமுன் ஆறாட்டுத் தேதியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.